வோல்ட்டையும் ஆம்பியரையும் அளந்தாயிற்று. வாட் மட்டும் ஏன் பொருந்தவில்லை?

கடைமடைவாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்கு மின்னோட்டவியல் பாடத்தைச் சொல்லிக்கொடுக்கப் போய் நானே சிக்கிக்கொண்டேன். மின்னழுத்தம் 220 வோல்ட், மின்னோட்டம் 0.5 ஆம்பியர் எனில் மின்தடையும் மின்திறனும் காண்க என்பது போன்ற கணக்குகளை அவள் நொடியில் போட்டுவிடுகிறாள்: வகுத்தால் 440 ஓம், பெருக்கினால் 110 வாட். இதையே நம் வீட்டுப் பொருள்களில் அளந்து பார்ப்போமே என்று வாயைக் கொடுத்தவன் நான்தான்.

முதலில் குண்டு பல்பு. அதன் கண்ணாடியில் 230 வோல்ட், 60 வாட் என்று அச்சிட்டிருக்கிறது. மின்னழுத்தத்தின் வர்க்கத்தைத் திறனால் வகுத்தால் மின்தடை சுமார் 882 ஓம் வர வேண்டும். பல்பைக் கழற்றி மேசைமேல் வைத்து மல்டிமீட்டரால் அளந்தால் 64 ஓம்தான் காட்டுகிறது. அந்த 64 ஓமை வைத்துக் கணக்கிட்டால் 3.6 ஆம்பியர், 826 வாட் என்று வருகிறது. "அப்படியானால் இது பல்பா, இஸ்திரிப் பெட்டியா?" என்று மகள் கேட்கிறாள்.

அடுத்தது வாளியில் போட்டுத் தண்ணீர் காய்ச்சும் ஹீட்டர் ராடு. அதில் 230 வோல்ட், 1500 வாட் என்று இருக்கிறது. பிளக்கைக் கழற்றிவிட்டு அளந்தபோது, மீட்டர் கம்பிகளின் தடையைக் கழித்தது போக 35.0 ஓம் வந்தது. இது கணக்குக்குப் பொருந்துகிறது. ஆனால் மாலை ஏழு மணிக்கு ராடைத் தண்ணீரில் போட்டு ஓட்டியபோது, பக்கத்துத் துளையில் அளந்த மின்னழுத்தம் 186 வோல்ட். நண்பரிடம் இரவல் வாங்கிய கிளாம்ப் மீட்டர் 5.3 ஆம்பியர் காட்டியது. (முதலில் முழு வயரையும் கவ்வ வைத்துச் சுழியத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், ஒற்றைக் கம்பியைப் பிரித்துத்தான் கவ்வ வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது.) இரண்டையும் பெருக்கினால் 986 வாட். 230-க்கு 1500 என்றால் 186-க்கு எவ்வளவு என்று நேர்விகிதத்தில் போட்டால் 1213 வாட் வர வேண்டும். இரண்டில் எது சரி?

எங்கள் வீடு மின்மாற்றியிலிருந்து போகும் லைனின் கடைசியில் இருக்கிறது. ஆற்றுத் தண்ணீருக்கு மட்டுமல்லாமல் மின்சாரத்துக்கும் நாங்கள் கடைமடைதான். ராடை அணைத்துவிட்டால் மின்னழுத்தம் 194-க்கு ஏறுகிறது. பொருத்தமா என்று தெரியவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: ராடைச் சற்று நேரம் ஓட்டினால் பிளக் கைக்குச் சூடாகத் தெரிகிறது.

கரும்பலகை

வணக்கம் நண்பரே. முப்பது ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் அளவீடுகளில் பிழை இல்லை. 986 வாட் என்பதே சரி.

மின்னழுத்தம் என்பது ஒவ்வொரு கூலும் மின்னூட்டமும் அந்தப் பொருளைக் கடக்கையில் எத்தனை ஜூல் ஆற்றலை விட்டுச் செல்கிறது என்பதன் அளவு; மின்னோட்டம் என்பது ஒரு நொடியில் எத்தனை கூலும் கடக்கிறது என்பதன் அளவு. ஆகவே இரண்டையும் பெருக்கினால் ஒரு நொடியில் எத்தனை ஜூல் என்பது கிடைக்கும், அதுவே வாட். இதில் பொருள் சூடாக இருக்கிறதா, குளிர்ந்திருக்கிறதா, எந்த உலோகத்தால் ஆனது என்ற கேள்விக்கே இடமில்லை. அதேபோல, ஒரே நேரத்தில் அளந்த வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் வருவது அந்த நேரத்தில் அந்தப் பொருளுக்கு இருக்கும் மின்தடை. உங்கள் ராடில் 186-ஐ 5.3-ஆல் வகுத்துப் பாருங்கள், 35.1 ஓம் வரும். மேசைமேல் அளந்ததும் ஏறக்குறைய அதுதானே.

நீங்கள் தடுமாறிய இடம் நேர்விகிதம். ராடின் தடை மாறவில்லை. அப்படியிருக்க, மின்னழுத்தம் குறையும்போது மின்னோட்டமும் சேர்ந்தே குறைகிறது. பெருக்கலில் இரண்டு எண்களும் இறங்குவதால் திறன் வர்க்க விகிதத்தில் இறங்கும். 186-ஐ 230-ஆல் வகுத்தால் 0.809, அதன் வர்க்கம் 0.654, 1500-ஐ அதனால் பெருக்கினால் 981 வாட். நீங்கள் அளந்த 986-க்கும் இதற்கும் உள்ள ஐந்து வாட் வேறுபாட்டை மீட்டரின் கணக்கிலோ, ராடு செய்தவரின் கணக்கிலோ எழுதிவிடலாம். நேர்விகிதத்தில் நீங்கள் போட்ட 1213 என்பது, மின்னழுத்தம் குறைந்தும் மின்னோட்டம் 6.5 ஆம்பியராகவே நிற்கும் என்று உங்களை அறியாமலே வைத்துக்கொண்ட கணக்கு.

ராடின்மேல் அச்சிட்ட 1500 என்பது அதன் உடைமை அன்று. 230 வோல்ட் கொடுத்தால் 1500 வாட் தருகிறேன் என்னும் வாக்குறுதி மட்டுமே. ராடு தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளக்கூடியது அந்த 35 ஓம்தான். மாணவர்கள் பெரும்பாலோர் வாட்டைப் பொருளின் எடையைப் போல நினைத்துக்கொள்கிறார்கள். வினாத்தாள் அமைப்பவர்கள் அதைத் தெரிந்துகொண்டே கண்ணி வைப்பார்கள்.

இனி பல்புக்கு வருவோம். அந்த 35 ஓம் மாறாமல் நிற்பதற்குக் காரணம், ராடுக்குள் இருப்பது நிக்ரோம் கம்பி என்பதுதான். நிக்கலும் குரோமியமும் கலந்த இந்த உலோகக் கலவையின் மின்தடை, வெப்பநிலை ஒரு பாகை ஏறினால் பத்தாயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான் கூடும். போதாதற்கு, அது தண்ணீருக்குள் மூழ்கி வேலை செய்வதால் அதிகம் சூடேறுவதும் இல்லை. பல்பின் இழையோ டங்ஸ்டன். ஒரு பாகைக்கு ஆயிரத்தில் நாலரைப் பங்கு கூடும் உலோகம். எரியும்போது 2500 பாகை செல்சியஸை ஒட்டி இருக்கும். அந்த வெப்பத்தில் அதன் தடை குளிர்ந்த நிலையைப் போல பதின்மூன்று, பதினான்கு மடங்காகிவிடுவது இயல்பே. உங்கள் 882-ஐ 64-ஆல் வகுத்துப் பாருங்கள், 13.8 மடங்கு. வீட்டு மேசையில் கிடைத்த எண் இவ்வளவு ஒழுங்காக வந்திருப்பதைக் கண்டு எனக்கே மகிழ்ச்சிதான்.

உங்கள் மகள் கண்ட 826 வாட்டும் முழுப் பொய் அன்று. சுவிட்சைப் போட்ட கணத்தில், இழை இன்னும் குளிர்ந்திருக்கும்போது, அந்த அளவு மின்னோட்டம் உண்மையிலேயே பாய்கிறது. கண் இமைப்பதற்குள் இழை காய்ந்து, தடை ஏறி, 60 வாட்டில் வந்து நிலைகொள்கிறது. குண்டு பல்புகள் பெரும்பாலும் சுவிட்ச் போடும் நொடியிலேயே "பட்" என்று போவதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். பாதி தேய்ந்துபோன இழைக்கு அந்த முதல் கணம்தான் கண்டம்.

இதே 186 வோல்ட்டில் பல்பை எரித்தால் என்ன ஆகும் என்று மகளைக் கேளுங்கள். தடை மாறாது என்று கொண்டு வர்க்க விகிதத்தில் போட்டால் 39 வாட் வரும். உண்மையில் அதைவிடச் சற்றுக் கூடுதலாக, 43 வாட்டை ஒட்டி வரும். இழையின் சூடு குறைந்து தடையும் குறைந்துவிடுவதே காரணம். வெளிச்சமோ பாதிக்கும் கீழே போய்விடும். கடைமடைக்காரர்களுக்கு அந்தச் சிவந்த பல்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

சீரிஸ் பல்பு

ஆசிரியர் ஐயா ராடையும் பல்பையும் பற்றித் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் வயரிங் வேலை செய்பவன். கேள்வியின் கடைசி வரிதான் எனக்கு முதல் வரியாகத் தெரிந்தது. பிளக் சூடாகிறது என்றால் அங்கேயும் ஒரு மின்தடை உட்கார்ந்திருக்கிறது.

ராடை அணைத்தால் 194, போட்டால் 186 என்கிறீர்கள். அந்த 8 வோல்ட் எங்கோ இறங்குகிறது. 8-ஐ 5.3-ஆல் வகுத்தால் 1.5 ஓம். மின்மாற்றியில் தொடங்கி உங்கள் பிளக் துளை வரைக்கும், போக வர இரண்டு கம்பிகளும், வழியிலுள்ள முடிச்சுகளும் திருகுகளும் சேர்ந்து இந்த 1.5 ஓம். அதில் 8 பெருக்கல் 5.3, அதாவது 42 வாட் வெப்பமாகிக்கொண்டிருக்கிறது. நீண்ட கம்பி முழுவதும் அது பரவிப் போனால் யாருக்கும் தெரியாது. ஓரிடத்தில் குவிந்தால்தான் ஆபத்து.

ஆகவே இரண்டு இடங்களில் அளந்து பாருங்கள், அல்லது ஒரு எலக்ட்ரீஷியனை வைத்து அளக்கச் சொல்லுங்கள். திறந்த போர்டில் பழக்கமில்லாதவர் கைவைக்க வேண்டாம். ராடு ஓடிக்கொண்டிருக்கும்போதே மெயின் போர்டில் எத்தனை வோல்ட், ராடு சொருகியிருக்கும் துளையில் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். வீட்டு வயரிங்கில் 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி போட்டிருந்தால், ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 12 ஓம். போர்டிலிருந்து எட்டு மீட்டர் தூரம் என்றால் போக வரப் பதினாறு மீட்டருக்கு 0.2 ஓம்கூட வராது, அதில் ஒரு வோல்ட்டுக்கு மேல் இறங்கக் கூடாது. அதைவிடக் கூடுதலாக இறங்கினால் குற்றவாளி கம்பி இல்லை, தொடுமுனைதான்.

இன்னொன்று கேட்க வேண்டும். 1500 வாட் ராடு பெரும்பாலும் பெரிய மூன்று பின் பிளக்கோடு வரும். அதை நீங்கள் எதில் சொருகியிருக்கிறீர்கள்? சிறிய 6 ஆம்பியர் பாயிண்டில், கன்வர்ட்டர் பிளக் வைத்தா? 1500-ஐ 230-ஆல் வகுங்கள், 6.5 ஆம்பியர். ஊரில் முழு மின்னழுத்தம் வரும் நேரத்தில் அந்தப் பாயிண்ட் தன் அளவை மீறித்தான் வேலை செய்யும். உங்கள் குறைந்த மின்னழுத்தம்தான் இத்தனை நாளாக அதைக் காப்பாற்றி வந்திருக்கிறது.

பொதுவாக ஓர் எச்சரிக்கை: மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்துக்கொண்டு மின்சாரம் இருக்கும் துளையில் ஒருபோதும் விடாதீர்கள். ஆம்பியர் நிலையில் வைத்து விடுவது அதைவிடக் கொடியது. அந்த நிலையில் மீட்டருக்குத் தடையே கிட்டத்தட்ட இல்லை, நேரே ஷார்ட் ஆகிவிடும். ஆம்பியர் அளக்கக் கிளாம்ப் மீட்டர் வாங்கினீர்களே, அது நல்ல முடிவு. ராடு ஓடும்போது வாளித் தண்ணீரில் விரல் விட்டுச் சூடு பார்க்கும் பழக்கம் வீட்டில் யாருக்காவது இருந்தால், அதையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

ஏட்டுச்சுவடி

சீரிஸ் பல்பு அவர்கள் போட்ட கணக்கைப் பார்த்தபோது, ஓம் விதி முதலில் எழுதப்பட்ட விதமே அதுதான் என்பது நினைவுக்கு வந்தது. ஜார்ஜ் சைமன் ஓம் ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தபோது இந்தச் சோதனைகளைச் செய்தார். அவர் காலத்து மின்கலங்கள் ஓட ஓடத் தளர்ந்துபோனதால் அளவுகள் ஒரு நிலையில் நிற்கவில்லை. பிறகு பிஸ்மத்தும் செம்பும் இணைந்த வெப்ப மின்னிரட்டையின் ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்து, மாறாத மின்னழுத்தத்தைப் பெற்றார். அதில் வெவ்வேறு நீளமுள்ள செப்புக் கம்பிகளை இணைத்து, காந்த ஊசி எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்தார்.

அவர் 1826-இல் கண்ட சமன்பாட்டில், கீழே வகுக்கும் இடத்தில் இரண்டு எண்கள் இருந்தன: ஒன்று சோதனைக் கம்பியின் நீளம், மற்றொன்று சுற்றின் மீதிப் பகுதிக்கான ஒரு மாறிலி. நாம் பாடத்தில் படிக்கும்போது அந்த இரண்டாவது எண்ணை விட்டுவிடுகிறோம். கேள்வி கேட்டவரின் வீட்டில் 194 வோல்ட்டை 186 ஆக்கிய 1.5 ஓம், அந்த விடுபட்ட எண்தான். 194-ஐ, 35.1-உம் 1.5-உம் சேர்ந்த 36.6-ஆல் வகுத்தால் 5.3 ஆம்பியர் வருவதைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதை ஜூல் 1841-இல் வெளியிட்டார். கம்பிச் சுருளைத் தண்ணீர்ச் சாடிக்குள் இறக்கி, வெப்பமானியால் சூடேற்றத்தை அளந்தார் என்பதால், வாளிக்குள் ராடு போட்ட சோதனைக்கு அவரை முன்னோடி என்றே சொல்லலாம். உங்கள் மகளும் அதைச் செய்யலாம். பதினைந்து லிட்டர் தண்ணீரை 28 பாகையிலிருந்து 45 பாகைக்கு ஏற்ற, லிட்டருக்கும் பாகைக்கும் 4186 ஜூல் வீதம், சுமார் 10 லட்சத்து 67 ஆயிரம் ஜூல் வேண்டும். 1500 வாட்டில் பன்னிரண்டு நிமிடம். 986 வாட்டில் பதினெட்டு நிமிடம். இரண்டுக்கும் மின்கணக்கியில் ஓடுவது ஏறக்குறைய 0.3 யூனிட்தான். குறைந்த மின்னழுத்தம் வந்தால் மின்கட்டணம் மிச்சம் என்று எங்கள் தெருவில் ஒரு பெரியவர் சொல்லிக்கொண்டிருப்பார். தண்ணீர் காய்ச்சுகிறவருக்கு மிச்சமாவது ஒன்றுமில்லை, ஆறு நிமிடம் கூடுதலாகக் காத்திருப்பதுதான்.

அளக்கும் ஆர்வத்தில் மின்விசிறிக்கும் எல்இடி பல்புக்கும் போனால், பெருக்கிய உடனே வாட் என்று எழுதிவிட வேண்டாம். மாறுதிசை மின்னோட்டத்தில் அங்கே மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒன்றாக ஏறி இறங்குவதில்லை, அல்லது மின்னோட்டத்தின் வடிவமே சிதைந்திருக்கும். எனவே திறன் காரணி என்ற மூன்றாவது எண்ணாலும் பெருக்க வேண்டும். மலிவான 9 வாட் எல்இடி பல்பு 0.07 ஆம்பியர் எடுத்தால் பெருக்கல் 16-ஐக் காட்டும். பல்பு ஏமாற்றுகிறது என்று பொருளில்லை.

கடைமடைவாசி

மூவருக்கும் நன்றி. நேற்று எங்கள் ஊர் எலக்ட்ரீஷியனை அழைத்து அளந்து பார்த்தோம். சீரிஸ் பல்பு அண்ணன் எங்கள் வீட்டுச் சுவரை நேரில் பார்த்தவர் போலவே சொல்லியிருக்கிறார். ராடு ஓடும்போது மெயின் போர்டில் 191 வோல்ட், துளையில் 186. கன்வர்ட்டர் பிளக் வைத்த 6 ஆம்பியர் பாயிண்ட்தான். கன்வர்ட்டரைப் பிடுங்கிப் பார்த்தால் ஒரு பின் நீலம் பாரித்துக் கறுத்திருந்தது. துளையைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டிக் தேநீர்க் கறை போலப் பழுத்து, ஓரத்தில் சற்று உருகி உள்ளே இழுத்திருந்தது. இத்தனை நாளும் அதை அழுக்கு என்று நினைத்துத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தோம்.

மகள் கணக்குப் போட்டாள்: 5 வோல்ட்டில் ஒரு வோல்ட்டைக் கம்பிக்குத் தள்ளிவிட்டால், மீதி 4 வோல்ட் பெருக்கல் 5.3 ஆம்பியர், 21 வாட். எலக்ட்ரீஷியன் தன் பையிலிருந்து சால்டரிங் அயர்னை எடுத்துக் காட்டி, இது 25 வாட், ஈயத்தை உருக்கும் என்றார். அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

சீரிஸ் பல்பு

அந்தக் கன்வர்ட்டரையும் சாக்கெட்டையும் சேர்த்தே தூக்கிப் போடுங்கள். அரத்தால் தேய்த்து மறுபடி பயன்படுத்தலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஒருமுறை சூடேறிய பித்தளைப் பட்டைக்குப் பிடிப்பு போய்விடும். பிடிப்பு போனால் தடை ஏறும். தடை ஏறினால் மேலும் சூடேறும். மெயின் போர்டிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் கம்பியில் தனி லைன் இழுத்து, 16 ஆம்பியர் பவர் பாயிண்ட் வைத்து, அதற்கு எர்த்தும் கொடுத்துவிடுங்கள். ராடுக்கு எர்த் இல்லாமல் ஓட்டவே கூடாது.

மீதி இருப்பது லைனில் வரும் குறை. ராடே இல்லாதபோதும் 194 என்பது ஏற்கத்தக்கதன்று. இந்திய மின்சார விதிகள், 1956 குறைந்த மின்னழுத்த இணைப்புகளுக்கு ஆறு விழுக்காடு வரைதான் ஏற்ற இறக்கத்தை அனுமதித்தன. 230-இல் ஆறு விழுக்காடு போனால் 216. ஒரு வாரம் காலை, மதியம், மாலை மூன்று வேளையும் அளந்து, தேதியும் நேரமும் போட்டுக் குறித்துக்கொண்டு, மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுத்து மூலம் கொடுங்கள். 'கரண்ட் டல்லாக இருக்கிறது' என்று வாயால் சொன்னால் அங்கே யாரும் பேனாவை எடுக்க மாட்டார்கள்.

கடைமடைவாசி

புதிய பாயிண்ட் வைத்தாயிற்று. நேற்று மாலை அதே ஏழு மணிக்கு அளந்தோம். ராடு இல்லாதபோது அதே 194. ராடு ஓடும்போது துளையில் 190.5 வோல்ட், 5.43 ஆம்பியர். மகள் வகுத்தாள், 35.1 ஓம், பெருக்கினாள், 1034 வாட். கால் மணி நேரம் ஓட்டிய பிறகு அணைத்துவிட்டு பிளக்கைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. மூன்று வேளை அட்டவணையை அவளே கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டு வைத்திருக்கிறாள். இன்று காலை ஆறு மணிக்கு 223 வோல்ட் என்று முதல் வரி ஏறியிருக்கிறது.